சுவரில் ஏறும் ஈரம்: வழியறிந்து தடுப்போம்

ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர், ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு அருகிலுள்ள பட்டணத்தில் ஒரு பழைய மலிவு விலை வீட்டை வாங்கினர். குடிபுகுந்த மறு ஆண்டே பின்னறைச் சுவரின் அடிப்பாகத்தில் ஈரம் தோன்றியது. சாயம் கொப்பளித்து உரிந்தது. பூச்சு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. கொத்தனாரை அழைத்துச் சிமெந்து பூசிப் புதுச் சாயமும் அடித்தனர். ஆறு மாதத்தில் ஈரம் திரும்பி வந்தது. முன்னிலும் அரை அடி உயர்ந்து வந்தது. இவ்வாறு மூன்று முறை பணம் செலவாயிற்று. அவ்வறையில் உறங்கும் பேரனுக்கோ இரவுதோறும் இருமலும் மூச்சிரைப்பும் நீங்கவில்லை.

நாம் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தபோது, “எத்தனை முறைதான் பூசுவது ஐயா? இந்தச் சுவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது” என்று அப்பெரியவர் மனம் நொந்து கூறினார்.

சுவர் தண்ணீரைக் குடிப்பது உண்மையே. ஆனால், அஃது எங்கிருந்து குடிக்கின்றது என்ற கேள்வியை வந்துபோன கொத்தனார்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் பாடமாகும். ஈரம் வரும் வழியை அடைக்காமல், ஈரம் தோன்றும் இடத்தை மட்டும் பூசி மறைப்பது, ஓட்டை விழுந்த மங்கின் அடியைத் துடைத்துக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும்.

மழையின் கணக்கு

மலாக்கா மாநிலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். உங்கள் வீட்டுக் கூரையின் பரப்பு 60 சதுர மீட்டர் எனக் கொள்வோம். ஓராண்டில் அதன்மீது விழும் நீர் 1,20,000 லிட்டர். ஒரே பிற்பகலில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 3,000 லிட்டர் நீர் அக்கூரையிலிருந்து இறங்கியாக வேண்டும். 200 லிட்டர் பீப்பாய்களில் பிடித்தால் 15 பீப்பாய்கள் நிறையும்.

மழை நேராக மட்டும் பெய்வதில்லை. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில், விடியற்கு முன் மலாக்கா நீரிணையைக் கடந்து சூறைக்காற்றுடன் மழை வருவதுண்டு. ‘சுமத்ரா’ எனப்படும் இக்காற்று மழையைப் பக்கவாட்டில் ஓட்டிச் சென்று சுவரில் அறைகின்றது. நம் பகுதியில் மேற்கு நோக்கிய சுவர்களே இதில் மிகுதியாக நனைகின்றன. மழை ஓய்ந்த பின்பும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், நனைந்த சுவர் உலர்வதற்கு நாட்கள் பல ஆகின்றன.

மரம் வெட்டுவோர் அறிந்த தத்துவம்

நீரிடமிருந்து ஒரு பொருளைக் காக்கும் வித்தை தோட்டப் பாட்டாளிகளுக்குப் புதியதன்று. மரத்தின்மீது வழிந்திறங்கும் மழைநீர் வெட்டுக்கோட்டையும் மங்கையும் அடையாதவாறு, கோட்டுக்கு மேலே தார்ப்பசை தடவிப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுகின்றோம். நீர் பாவாடையின் விளிம்பு வரை வந்து, அங்கிருந்து மரத்தைத் தொடாமல் சொட்டிவிடுகின்றது. மரத்துக்கும் பாவாடைக்கும் இடையில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் போதும், கோடு நனைந்துவிடும். கூரையின் இறவாரம், சன்னலின் மேல்விளிம்பு, சுவரும் கூரையும் சேருமிடத்துத் தகரப்பட்டை யாவும் இத்தத்துவத்தின்படியே அமைகின்றன.

முன்னாளில் புகைக்கூடத்தில் பணிபுரிந்தோர் இரண்டாவது தத்துவத்தை அறிவர். ரப்பர்த் தட்டுகளை நன்கு உலர்த்தாமல் அடுக்கினால், வெளியே காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளிருக்கும் ஈரத்தால் பூஞ்சணம் படியும். தட்டின் தரம் குறைந்துவிடும். நீர் உள்ளே புகாமல் தடுப்பது ஒரு பாதி. உட்புகுந்த ஈரம் வெளியேற வழி விடுவது மறு பாதி. இவ்விரண்டையும் நினைவில் இருத்தி மேலே செல்வோம்.

நீர் புகும் நான்கு வழிகள்

முதலாவது வழி: மேலிருந்து. தகரக் கூரையில் ஒழுக்கு பெரும்பாலும் ஆணித்துளை வழியாகவே தொடங்குகின்றது. தகரத்தின் பள்ளத்தில் நீர் ஓடுவதால், ஆணியை மேட்டில்தான் அடித்தல் வேண்டும். ஆணியின் தலைக்கடியில் ரப்பர் வளையம் இருத்தல் வேண்டும். வெயிலில் அவ்வளையம் காய்ந்து வெடித்தவுடன் ஒழுக்கு தோன்றும். ஆதலின் பழைய ஆணிகளை ஆண்டுக்கொரு முறை பார்வையிடுவது நன்று. தகரங்களைக் கீழிருந்து மேலாக வேய்ந்து, மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மீது குறைந்தது 6 அங்குலம் படியுமாறு அமைத்தல் வேண்டும். பக்கவாட்டில் சேருமிடம், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் வாய் திறந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் பெரிதும் ஒழுகும் இடம் ஒன்றுண்டு. வீட்டின் பின்சுவரை ஒட்டித் தகரம் போட்டுச் சமையற்கட்டை நீட்டுகின்றோம் அல்லவா? பழைய சுவரும் புதுத் தகரமும் சேரும் அந்தக் கோடுதான் அவ்விடம். அங்கே சிமெந்தைக் குழைத்து அப்புவதால் பயனில்லை. வெயிலில் தகரம் நீளும், இரவில் சுருங்கும், சிமெந்தோ அசையாது. ஆகவே சில மாதங்களில் வெடிப்பு விழும். சுவரில் ஒரு கோடு கீறி, அதில் வளைத்த தகரப்பட்டையைச் செருகி, அப்பட்டை கூரைத் தகரத்தின்மீது தொங்குமாறு அமைப்பதே முறையாகும்.

கூரையோரத் தகரக் கால்வாயில் இலை அடைத்துக்கொண்டால், நீர் பின்புறமாக வழிந்து சுவருக்குள்ளும் உத்தரத்துக்குள்ளும் இறங்கும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவும் பெருகும். ஆதலால் அதனைத் துப்புரவு செய்வது இரு வகையில் நன்மை பயக்கும். ஓர் எச்சரிக்கை: பழைய வீடுகளிற் சிலவற்றில் கல்நார் கலந்த சிமெந்துத் தகடுகளால் கூரை வேயப்பட்டுள்ளது. அவற்றை அறுப்பதும், துளையிடுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கூடா. அவற்றிலிருந்து எழும் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பதாகும்.

இரண்டாவது வழி: பக்கத்திலிருந்து. சுவரில் தோன்றும் மயிரிழை போன்ற வெடிப்பும், சன்னற் சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்கும் மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் இவ்வெடிப்புகளை விரிவாகக் கீறி, தூசு போக்கி, நெகிழும் தன்மையுள்ள பசையால் அடைத்தல் வேண்டும். சன்னலின் கீழ்த்திண்டு வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். அதன் அடிவிளிம்பில் ஒரு சிறு கோடு கீறப்பட்டிருந்தால், நீர் அக்கோட்டைத் தாண்டிச் சுவருக்கு வராமல் கீழே சொட்டிவிடும். வெளிச்சுவர் நனைய விட்டுவிட்டு உட்சுவரில் விலையுயர்ந்த நீர்புகாச் சாயத்தை அடிப்பது பணத்தை வீணடிப்பதாகும்.

மூன்றாவது வழி: கீழிருந்து. விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவதை நாம் அறிவோம். செங்கல்லிலும் பூச்சிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. மண்ணிலுள்ள நீர் அத்துளைகளின் வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் ஏறுகின்றது. இதனைத் தடுக்கவே, சுவர் எழுப்பும்போது தரைமட்டத்துக்குச் சற்று மேலே நீர் புகாத படலம் ஒன்றை இடுவது வழக்கம். அப்படலத்துக்கு மேல் மண்ணையோ சிமெந்துத் தரையையோ உயர்த்திவிட்டால், நீர் அதனைத் தாண்டிச் சுவருக்குள் சென்றுவிடும்.

ஜாசின் பெரியவரின் வீட்டில் நடந்தது இதுவேயாகும். முன்பு குடியிருந்தவர் பின்முற்றம் முழுவதையும் சிமெந்து போட்டு உயர்த்தியிருந்தார். வெளித்தரை வீட்டுத் தரைக்குச் சமமாக நின்றது. போதாக்குறைக்குச் சுவரை நோக்கிச் சரிந்தும் இருந்தது. துணி துவைக்கும் நீரும் மழைநீரும் நாள்தோறும் சுவரடியில் நின்றன. சிமெந்துப் பூச்சால் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டபோதெல்லாம், அது வேறு வழி தேடி மேலே ஏறியது. ஆகவேதான் ஒவ்வொரு முறையும் கறை அரை அடி உயர்ந்தது.

அங்குச் செய்த பரிகாரம் எளியது. சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குச் சிமெந்துத் தரையை உடைத்தெடுத்து, வீட்டுத் தரைக்கு 6 அங்குலம் தாழ்வாக ஒரு கால்வாய் அமைக்கப்பட்டது. எஞ்சிய தரை எதிர்ப்புறம் சரியுமாறு திருத்தப்பட்டது. உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுவரை வெறுமனே காயவிட்டனர். சுவரின் கனத்தில் ஓர் அங்குலம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும் என்பது கட்டட வேலை அறிந்தோரின் பொதுக்கணக்கு. அவசரப்பட்டுப் பூசாமல் ஐந்து மாதங்கள் பொறுத்தனர். அதன் பின்னரே பூச்சும் சாயமும் பெற்றது அச்சுவர். ஈரம் மீண்டும் வரவில்லை.

நான்காவது வழி: உள்ளிருந்து. குளியலறைத் தரை, சுவருக்குள் செல்லும் நீர்க்குழாய், சமையல் ஆவி, வீட்டினுள் உலர்த்தும் துணி ஆகியனவும் ஈரத்தைத் தருகின்றன. குழாயில் கசிவு உண்டா என அறிய, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். அதன் முள் அசைந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பது உறுதி. குளியலறைத் தரையைப் புதிதாக அமைப்போர், ஓடு பதிக்குமுன் நீர்புகாப் படலத்தைத் தரை முழுவதும் இட்டுச் சுவரிலும் ஓரடி ஏற்றுதல் வேண்டும். நீர் போகும் துளையை அடைத்து ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தி, 24 மணி நேரம் சோதித்துப் பார்த்த பின்னரே ஓடு பதிக்க இசைய வேண்டும்.

பழைய மலாக்கா புகட்டும் பாடம்

நம் மாநிலத்தின் பழங்கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்போர் அவற்றின் அழகைக் கண்டு வியக்கின்றனர். ஈரத்தோடு அவை நடத்திய போராட்டத்தையும் நாம் கண்டறிதல் நன்று. டச்சுக்காரர்கள் 1741 ஆம் ஆண்டில் தொடங்கி 1753 ஆம் ஆண்டில் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயம் இன்று செந்நிறத்தில் காட்சியளிக்கின்றது. ஆயினும் தொடக்கத்தில் அது வெண்ணிறமாகவே இருந்தது. 1911 ஆம் ஆண்டில்தான் சிவப்புச் சாயம் பூசப்பட்டது. கனமழையில் செம்மண் தெறித்து வெண்சுவரைக் கறைப்படுத்தியதாலும், உள்ளிருந்த செம்புரைக் கல்லின் நிறம் கசிந்து வெளிப்பட்டதாலும், அடிக்கடி வெள்ளையடிக்கும் செலவைக் குறைக்கவே அவ்வாறு செய்தனர் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதையின் உண்மை எவ்வாறாயினும், அதனுள் ஒரு கட்டடப் பாடம் இருக்கின்றது: இறவாரம் குறுகிய சுவரின் அடியில் வெறும் மண் இருந்தால், தெறிக்கும் மழைநீர் சுவரை ஓயாது நனைக்கும். நம் வீடுகளில் சுவரடியில் சிறு கற்களைப் பரப்பிவைத்தால் தெறிப்பு பெரிதும் குறையும்.

ஆற்றைக் கடந்தால் துன் டான் செங் லோக் சாலையை அடையலாம். ஹீரேன் வீதி என்பது அதன் பழைய பெயர். அங்கு எட்டாம் எண் வீடு டச்சுக்காரர் காலத்தைச் சேர்ந்தது. மலேசிய மரபுடைமை அறக்கட்டளையான பாடான் வாரிசான் மலேசியா, 2001 முதல் 2004 வரை அதனைச் செப்பனிட்டு, பழைய வீட்டை எவ்வாறு காப்பது என்பதற்கு ஒரு மாதிரியாக்கியது. அங்கே சுவர்களுக்குச் சிமெந்து பூசாமல் சுண்ணாம்புக் காரையே பூசப்பட்டது. காரணம் யாது? பழஞ்சுவர்களில் நீர்தடுப்புப் படலம் கிடையாது; கீழிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை நுண்துளை மிக்கதாகையால், ஏறிய ஈரம் அதன் வழியே காற்றில் கலந்துவிடுகின்றது. இறுகிய சிமெந்துப் பூச்சோ ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கின்றது. பூட்டப்பட்ட நீரிலுள்ள உப்பு, சுவருக்குள்ளேயே பூத்துப் படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகின்றது. சுண்ணாம்புப் பூச்சைச் சில ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்க நேரிடும். ஆனால் பூச்சு தேய்ந்து சுவர் பிழைக்கும்.

இதனால் சிமெந்தே தீயது என்று எவரும் கருத வேண்டா. நீர்தடுப்புப் படலத்துடன் முறையாகக் கட்டிய இன்றைய சுவருக்குச் சிமெந்துப் பூச்சு ஏற்றதே. பழைய மென்மையான செங்கற்சுவருக்கும் ஈரம் காயாத சுவருக்கும்தான் அது பொருந்தாது. பட்டணத்துப் பழைய கடைவீடுகளில் குடியிருப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அதே வீதிகளில் அஞ்சடி நடைபாதையையும், வீட்டின் நடுவே திறந்த முற்றத்தையும் காணலாம். அஞ்சடி முன்சுவரை மழையிலிருந்து காக்கின்றது; முற்றம் உள்ளிருக்கும் ஈரக்காற்றை வெளியேற்றுகின்றது. கால்கள்மேல் நிற்கும் மலாய் வீடும், உயர்ந்த திண்ணையும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட நம் முன்னோர் வீடும் இதே அறிவில் பிறந்தவைதாம்.

எவ்வழி என்று கண்டறிவது எப்படி?

சுவரில் ஈரத்தைக் கண்டவுடன் கொத்தனாரை அழைக்கு முன், ஒரு குறிப்பேட்டில் சிலவற்றை எழுதிவையுங்கள். மழைக்குப் பின் மட்டும் நனைகின்றதா? மழையில்லா நாளிலும் நனைகின்றதா? கறை மேலிருந்து இறங்குகின்றதா, கீழிருந்து ஏறுகின்றதா? பென்சிலால் கறையின் விளிம்பைக் கோடிட்டு, அருகில் தேதியையும் எழுதுங்கள். கறை கோட்டைத் தாண்டினால் நீர் இன்னும் வந்துகொண்டிருக்கின்றது.

ஓர் எளிய சோதனையும் உண்டு. ஈரமான இடத்தைத் துடைத்து, ஓரடிச் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் இருந்தால், அறைக்காற்றிலுள்ள ஆவி சுவரில் படிகின்றது. சன்னலைத் திறந்து காற்றோட்டம் தருவதே மருந்து. தாளின் பின்புறம் நனைந்திருந்தால், சுவருக்குள்ளிருந்து நீர் வருகின்றது. அதன் மூலத்தைத் தேட வேண்டும்.

உடல்நலமும் உயிர்க்காப்பும்

ஈரம் சுவரின் அழகை மட்டும் கெடுப்பதன்று. ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீடுகளில் வாழ்வோர்க்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியன மிகுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல் எடுத்துரைக்கின்றது. குழந்தைகளின் கட்டிலை ஈரச்சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். பூஞ்சணத்தைச் சவர்க்கார நீரால் துடைத்து உலர்த்துங்கள். வெளுப்பான் பயன்படுத்துவோர் அதனுடன் அமோனியாவையோ அமிலம் கலந்த கழிவறைத் துப்புரவு நீரையோ ஒருபோதும் கலக்கலாகாது. நச்சு வாயு எழும்.

மின்விளக்கு விசையருகே ஈரம் கண்டால் அதனைத் தொடாதீர்கள். கைகள் உலர்ந்திருக்க, உலர்ந்த இடத்தில் நின்று, முதன்மை விசையை அணைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். ஈரமேறிய உத்தரம் கறையானுக்கு விருந்து என்பதையும் மறத்தலாகாது.

பொறுப்பு யாருடையது?

தோட்ட வீடுகளில் குடியிருப்போர்க்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தொழிலாளர் வீடமைப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் 1966 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதனிடத்தில் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அஃது 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. தாம் வழங்கும் வீடுகளை நன்னிலையில் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் கடமையாகும். அனுமதியின்றி வீட்டை நீட்டிக் கட்டாமல் பார்த்துக்கொள்வதும் அவர் கடமையே. ஆகவே கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேதியிட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். செவிசாய்க்கப்படாவிடில் தொழிலாளர் இலாகாவை நாடலாம். சமையற்கட்டை நீட்ட விரும்புவோரும் முன்கூட்டியே அனுமதி பெறுதல் வேண்டும்.

உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனத்திடம் புதுவீடு வாங்கியோர், சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் காணும் குறைகளை எழுத்து மூலம் அறிவித்தால், நிறுவனம் தன் செலவில் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். ஈரச்சுவரும் அக்குறைகளில் அடங்கும். அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு 2013 ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் துணை நிற்கின்றது. உங்கள் வீட்டின் மேற்கூரையில் ஈரம் தோன்றினால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அது மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். அறிவிப்புப் பெற்ற 7 நாட்களுக்குள் நிர்வாகத்தினர் வந்து பார்வையிட வேண்டும். மேல்வீட்டாருடன் வீண்பகை கொள்வதைவிட இவ்வழியே சிறந்தது.

முடிவுரை

நாம் சென்ற மாதம் ஜாசின் சென்றபோது அவ்வீட்டை மீண்டும் கண்டோம். பேரனின் கட்டில் பின்னறையிலேயே இருந்தது, சன்னல் திறந்திருந்தது. பெரியவர் சுவரைத் தட்டிக் காட்டி, “இப்போது இது தாகம் தீர்ந்துவிட்டது ஐயா” என்றார். மூன்று முறை பூசிய செலவைவிட, ஓரடி அகலக் கால்வாய்க்கு ஆன செலவு குறைவு. வரும் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். கூரை, சுவர், சுவரடி, குளியலறை என்ற வரிசையில் பார்த்தால் அரைமணி நேரம் போதும்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வீட்டில் நீர் புகக்கூடிய நான்கு வழிகள் யாவை? ஒவ்வொன்றிற்கும் ஓர் இடத்தைச் சுட்டுக.
2. தகரத்தின் பள்ளத்தில் ஆணி அடித்தலாகாது, ஏன்?
3. உங்கள் வீட்டுச் சுவரடி மண், வீட்டுத் தரைக்கு எத்தனை அங்குலம் தாழ்வாக உள்ளது? அளந்து எழுதுக.
4. பிளாஸ்டிக் தாள் சோதனையில் தாளின் பின்புறம் நனைந்திருந்தால் அதன் பொருள் என்ன?
5. ஈரம் காயாத சுவரில் சிமெந்து பூசுவதால் விளையும் தீங்கு யாது?